லைப்னிட்ஸ் கப்பலில் அவர்கள் ஏறவில்லை

ஜெர்மானிய வம்சாவளியினர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் என் கணவரின் குடும்பத்தில் ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சென்னையில் கல்லூரியில் படித்த நாட்களில், வேலை கிடைக்க உதவும் என்று யாரோ சொன்னதை நம்பி மாக்ஸ் முல்லர் பவனின் மாலை வகுப்புகளில் சேர்ந்தேன். எந்த வேலைக்கும் அது உதவவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, மினசோட்டாவில், புகுந்த வீட்டாரின் முன்னோர்களைத் தேடும்போதுதான் அந்த ஜெர்மனுக்கு ஒரு பயன் கிடைத்தது. 1917இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கிய பிறகு, இந்த மாநிலத்தில் ஜெர்மன் பேசுபவரின் தேசப்பற்றே சந்தேகத்துக்கு உள்ளானது. அதுவரை வீட்டிலும் தேவாலயத்திலும் அந்த மொழியிலேயே வாழ்ந்துவந்த பல குடும்பங்கள் ஒரே தலைமுறையில் அதைக் கைவிட்டன. என் கணவரின் பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. அவருக்குத் தெரிந்த ஜெர்மன், கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் முதல் இரண்டு வரிகள் மட்டுமே.

மொழி போனாலும் கதைகள் போகவில்லை. அவை மூன்று. பெரியப்பாவின் கொள்ளுத்தாத்தா ஹாம்பர்க்கிலிருந்து வந்தவர் என்பது முதலாவது. எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த எழுத்தர் குடும்பப் பெயரின் எழுத்துகளை மாற்றிவிட்டார் என்பது இரண்டாவது. வந்த கப்பலில் நோய் பரவிப் பலர் மாண்டார்கள், இந்தக் குடும்பத்தின் கைக்குழந்தையையும் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கதையைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவின் குரல் தாழும்.

இரண்டாவது கதையை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிட முடிந்தது. எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி முதல் நாளில்; இந்தக் குடும்பமோ 1870ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மினசோட்டாவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் வந்திறங்கியவர்கள் 1855 முதல் செயல்பட்ட காசில் கார்டன் என்ற நிலையத்தின் வழியாகவே ஊருக்குள் போனார்கள். தவிர, எல்லிஸ் தீவின் அலுவலர்கள் யாருடைய பெயரையும் புதிதாக எழுதவில்லை. கப்பல் நிறுவனத்தார் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர்கள் மாறியது பெரும்பாலும் அதற்குப் பின்னால், பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் உச்சரித்த விதத்தில், சில சமயம் குடும்பத்தாரே விரும்பி. ஷ்மிட் ஸ்மித் ஆனதும் முல்லர் மில்லர் ஆனதும் அப்படித்தான். இதைச் சொன்னால் அமெரிக்காவில் யாரும் நம்ப விரும்புவதில்லை என்பதையும் கண்டுகொண்டேன்.

சிக்கல் மூன்றாவது கதையில் தொடங்கியது. பெரியப்பா இணையத்தில் தேடி, லைப்னிட்ஸ் என்ற கப்பலைக் கண்டுபிடித்திருந்தார். ஹாம்பர்க்கின் ஸ்லோமன் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்தப் பாய்மரக் கப்பல் 1867 நவம்பர் 2 அன்று புறப்பட்டு, 1868 ஜனவரி 11 அன்று நியூயார்க்கை அடைந்தது. அதில் ஏறிய 544 பயணிகளில் 108 பேர் இறந்துபோனார்கள். பயணிகளில் பெரும்பாலோர் வடக்கு ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியைச் சேர்ந்தவர்கள், மேற்கே போய் விவசாயம் செய்யும் எண்ணத்தோடு கிளம்பியவர்கள். நியூயார்க் குடியேற்ற ஆணையர்களுள் ஒருவரும், தாமே ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவருமான ஃபிரீட்ரிஷ் காப் அந்தக் கப்பலுக்குள் நேரில் இறங்கிப் பார்த்து, வெளிச்சமும் காற்றும் இல்லாத கீழ்த்தளத்தைப் பற்றி எழுதிய அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. படிக்க மனம் கொள்ளாத அறிக்கை அது. பெரியப்பாவுக்கோ எல்லாம் பொருந்திவிட்டது: ஹாம்பர்க், நோய், சாவு, மேற்கு நோக்கிய விவசாயிகள். பயணிகளின் பட்டியலில் எங்கள் குடும்பப் பெயரைப் போன்ற ஒன்றும் இருந்தது. கப்பலின் படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியும்விட்டார்.

முன்னோரைத் தேடுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் செய்யும் தவறு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பலிலிருந்து தேடலைத் தொடங்குகிறார்கள். 1819ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1820 முதல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலின் தலைவரும் பயணிகள் பட்டியலைச் சுங்க அலுவலரிடம் கொடுக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் சுங்கத்துக்காக எழுதப்பட்டது. பெயர், வயது, பால், தொழில், எந்த நாட்டவர் என்பவற்றோடு அது திருப்தி அடைந்துவிடும். எந்த ஊர் என்று கேட்காது. ஒரே பெயரும் ஏறத்தாழ ஒரே வயதும் கொண்ட பத்துப் பேரில் நம்மவர் யார் என்பதை அது எப்படிச் சொல்லும்? ஊர் தெரிந்த பிறகுதான் கப்பலைத் தேட வேண்டும். ஊரைத் தெரிந்துகொள்ள, அவர்கள் கடைசியாக வாழ்ந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

ஆகவே நான் நிலத்திலிருந்து தொடங்கினேன். கொள்ளுத்தாத்தாவுக்கு மினசோட்டாவில் 160 ஏக்கர் இருந்தது. அது 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி கிடைத்த நிலம். ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தவருக்குச் சிறு கட்டணத்தோடு அரசு பட்டா கொடுத்தது. குடிமகனாக இருப்பவர் மட்டுமல்லாமல், குடிமகனாகும் எண்ணத்தை நீதிமன்றத்தில் முறைப்படி அறிவித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால், வெளிநாட்டிலிருந்து வந்தவரின் கோப்பில் அந்த அறிவிப்பின் நகலும் இணைக்கப்பட்டிருக்கும். பட்டா எண்ணை வைத்துக்கொண்டு வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, கோப்பு முழுவதையும் வரவழைத்தேன். வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர் கணக்கு, இரண்டு அண்டை வீட்டாரின் சாட்சி ஆகியவற்றுக்கு நடுவே நான் எதிர்பார்த்த தாளும் இருந்தது. குடிமகனாக விரும்புகிறவர், தாம் இதுவரை யாருக்குக் கட்டுப்பட்டிருந்தாரோ அந்த அரசரின் பெயரைச் சொல்லி அந்த விசுவாசத்தைத் துறக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா துறந்தது மெக்லென்பர்க்-ஷ்வெரின் கிராண்ட் டியூக்கை.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை விளக்க வேண்டும். 1871 வரை ஜெர்மனி என்று ஒரு நாடு இருக்கவில்லை. தனித்தனி அரசுகள் இருந்தன. ஒவ்வோர் அரசும் தன் மக்கள் வெளியேறுவதைத் தன் வழியில் கண்காணித்தது, தன் வழியில் எழுதி வைத்தது. வூர்ட்டெம்பர்க்கிலிருந்து போனவராக இருந்திருந்தால் நான் கப்பலைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. அங்கே முறையாக வெளியேற விரும்புகிறவர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், குடியுரிமையைத் துறக்க வேண்டும், தாம் விட்டுச்செல்லும் கடன்களுக்கு ஓராண்டு காலம் பொறுப்பேற்கும் பிணையாளர் ஒருவரைக் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவர்கள் வந்து கேட்பதற்காகச் செய்தித்தாளில் அறிவிப்பும் வரும். விண்ணப்பத்தில் ஊரும் குடும்பமும் விவரமாக இருக்கும். இன்று அவற்றின் அட்டவணையை இணையத்திலேயே தேடலாம். 1817இல் அங்கே இன்னும் விசித்திரமான ஓர் ஆவணமும் உருவானது. முந்தைய ஆண்டு கோடையே இல்லாமல் போய், விளைச்சல் அழிந்து, மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது, ஏன் போகிறார்கள் என்று நேரில் கேட்டுவரும்படி ஃபிரீட்ரிஷ் லிஸ்ட் என்ற இளம் அதிகாரியை அரசு அனுப்பியது. ஏப்ரல் கடைசியில் ஹைல்பிரோனில் அவர் ஒவ்வொருவராக உட்கார வைத்து எழுதிய வாக்குமூலங்களில் வரிச்சுமையும் ஊர் அதிகாரிகளின் கெடுபிடியும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவாகியுள்ளன. பிற்காலத்தில் பொருளாதார அறிஞராகப் புகழ்பெற்ற அந்த லிஸ்ட், எட்டாண்டுகள் கழித்துத் தாமே அமெரிக்காவுக்குக் கப்பலேற நேர்ந்தது.

எங்கள் குடும்பம் மெக்லென்பர்க். அங்கே ஊரைக் கண்டுபிடிக்கக் கை கொடுத்தது மினசோட்டாவின் ஒரு சின்ன லூத்தரன் தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு. அரசாங்கத்தின் இறப்புப் பதிவு, பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஜெர்மனி என்று எழுதி முடித்துக்கொண்டது. தேவாலயத்தின் போதகரோ தாமே அங்கிருந்து வந்தவர். ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு அவருக்கு முக்கியம். பழைய ஜெர்மன் கையெழுத்தில் கிராமத்தின் பெயரையும் பக்கத்து ஊரான டெட்டெரோவின் பெயரையும் எழுதியிருந்தார். குர்ரென்ட் எனப்படும் அந்த எழுத்துமுறையை மாக்ஸ் முல்லர் பவனில் யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அதில் சிறிய 'ஈ' பார்ப்பதற்கு 'என்' போலவே இருக்கும். 'யூ' எழுத்தின் மேல் ஒரு வளைவு போட்டால்தான் அதை 'என்' எழுத்திலிருந்து பிரித்தறிய முடியும். பெரிய 'கே'யும் பெரிய 'ஆர்' எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். ஆறு வாரம் தினமும் அரை மணி நேரம் எழுதிப் பழகினேன். படித்துப் பழகுவதைவிட எழுதிப் பழகுவதே சீக்கிரம் கைகொடுக்கிறது.

மெக்லென்பர்க்கின் பல ஊர்ப்பெயர்கள் ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தவை. 'ஓ', 'டபிள்யூ' என்ற இரண்டு எழுத்துகளில் முடிந்தாலும் கடைசி எழுத்து ஒலிக்காது. காதால் கேட்டு எழுதிய அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள், பிறகு எந்த வரைபடத்திலும் அந்த ஊர் இருக்காது. நம் ஊர்ப்பெயர்களுக்கு முன்னால் மேல, கீழ என்று சேர்ப்பதைப் போல அங்கே பெரிய, சிறிய என்ற பொருளில் கிராஸ், க்ளைன் என்று சேர்த்துக்கொள்வார்கள். போதகர் அந்த அடைமொழியை விட்டுவிட்டால் இரண்டு ஊர்களிலும் தேட வேண்டும். 1912இல் வெளிவரத் தொடங்கிய மேயர் ஊர்ப்பெயர் அகராதி, ஜெர்மானியப் பேரரசின் குக்கிராமங்களைக்கூட விடாமல் பட்டியலிட்டு, எந்த ஊருக்கு எந்தத் தேவாலயம் என்பதைத் தேடிப்போக வழிகாட்டுகிறது. அதை இணையத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கிராமத்தை உறுதிப்படுத்தினேன்.

ஊர் கிடைத்ததும் மெக்லென்பர்க் தன் கருணையைக் காட்டியது. அந்த அரசு 1819இல் எடுத்த கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் பிறந்த நாளும் பிறந்த ஊரும்கூட இருக்கின்றன. 1867இல் எடுத்ததும் பெயர்வாரியாகப் பிழைத்திருக்கிறது. 1867ஆம் ஆண்டுப் படிமங்களில் எங்கள் கிராமத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது, பண்ணையாரின் கூலியாட்கள் குடியிருந்த வரிசையில் அவர்கள் இருந்தார்கள்: கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். பிறந்த நாட்கள் மினசோட்டாக் கல்லறையின் கல்லோடு பொருந்தின. அந்தத் தாளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. கணக்கெடுப்பு நாள் 1867 டிசம்பர் 3. அன்றைக்கு லைப்னிட்ஸ் கப்பல் புறப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் பயணிகள் அட்லாண்டிக்கின் நடுவே செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பம் தன் வீட்டில் உட்கார்ந்து கணக்கெடுப்பாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்தார். சட்டம் போட்ட படத்தை அன்று யாரும் கழற்றவில்லை.

இனி உண்மையான கப்பலைத் தேட வேண்டும். இங்கே ஒரு நிம்மதி: மெக்லென்பர்க்காரர்களைத் தேட வேண்டிய துறைமுகம் பெரும்பாலும் ஹாம்பர்க்தான். ஹாம்பர்க்கா பிரெமனா என்ற கேள்வி ஜெர்மானிய முன்னோரைத் தேடுகிற எவருக்கும் தலையெழுத்தைப் போன்றது. 1830 முதல் 1974 வரை, பிரெமனின் துறைமுகமான பிரெமர்ஹாஃபன் வழியாக எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். பிரெமன் நகரம் 1832லேயே பட்டியல்களை வைத்துக்கொள்ளத் தொடங்கியது. ஆனால் 1870களில், இடம் போதவில்லை என்ற காரணத்தால், மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட பட்டியல்களை அழித்துவிடுவது வழக்கமாயிற்று. நாற்பது ஆண்டுக் கால மனிதர்கள் அலமாரியில் இடமில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். பிற்காலத்தவற்றிலும் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போய்விட்டது. 1920 முதல் 1939 வரையிலான பட்டியல்களில் 2,953 மட்டும் போர்க்காலத்தில் உப்புச் சுரங்கம் ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து மாஸ்கோ சென்று, 1980களின் இறுதியில் கண்டெடுக்கப்பட்டன. பிரெமனின் குடும்ப ஆய்வுச் சங்கமான 'டி மவுஸ்' அவற்றைப் பெயர்வாரியாகத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. மவுஸ் என்றால் சுண்டெலி. பழைய தாள்களைக் குடைகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஹாம்பர்க்கின் பட்டியல்களோ 1850 முதல் 1934 வரை, முதல் உலகப் போர்க்கால இடைவெளி தவிர, ஏறத்தாழ முழுமையாக உள்ளன. ஐம்பது லட்சம் பேர். மெக்லென்பர்க்கிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அருகிலிருந்த ஹாம்பர்க்கையே நாடினார்கள். இந்தப் பட்டியல்கள் நகரக் காவல்துறைக்குக் கொடுப்பதற்காக எழுதப்பட்டவை என்பதால், அமெரிக்கச் சுங்கம் கேட்காத ஒன்றை இவை கேட்டன: இதற்கு முன் குடியிருந்த ஊர். குடும்பப் பெயர், முதற்பெயர், வயது, ஊர், அரசு, தொழில், போகுமிடம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் பத்து வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை, குறைந்தவர் எத்தனை, ஒரு வயதுக்கும் குறைந்தவர் எத்தனை என்று கட்டணத்துக்கான கணக்கு.

இருந்தும் ஏழு மாதம் எனக்கு அவர்கள் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. முதலாவது, நான் முன்பே சொன்ன இரட்டைப் பிள்ளைகள். தரவுத்தளத்துக்காகப் பெயர்களைத் தட்டச்சு செய்தவர் முதல் எழுத்தான 'கே'யை 'ஆர்' என்று படித்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எழுத்தரின் கையில் இரண்டும் ஒன்றுதான். கடைசியில் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, மனைவியின் முதற்பெயர், அவள் வயது, மெக்லென்பர்க், 1868 முதல் 1870 வரை என்று மட்டும் கொடுத்துத் தேடினேன். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். அறுபத்து மூன்றாவது பெண்ணின் ஊர் எங்கள் ஊர்.

இரண்டாவது காரணம், நான் ஒரு தொகுதியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாம்பர்க்கில் நேரடிப் பட்டியல் என்றும் மறைமுகப் பட்டியல் என்றும் இரண்டு உண்டு. நியூயார்க்குக்கு நேராகப் போகும் கப்பலில் ஏற வசதியில்லாதவர்கள் சிறிய நீராவிக் கப்பலில் வடகடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல் சென்று, அங்கே அட்லாண்டிக் கப்பல் ஏறினார்கள். பல சமயம் இது மலிவு. இப்படிப் போனவர்களுக்குத்தான் மறைமுகப் பட்டியல். 1850களின் நடுவிலிருந்து 1910 வரை அது தனித் தொகுதியாக, தனி அட்டவணையோடு வைக்கப்பட்டது. அதில் காணும் கப்பலின் பெயர் ஹல் வரை போன சிறு கப்பலின் பெயர். நியூயார்க்கின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது. எங்கள் குடும்பம் 1869 ஏப்ரலில் மறைமுகப் பட்டியலில் இருந்தது.

அந்த வரியைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் நின்றேன். மூத்த மகனுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருந்தது. கணக்கெடுப்பின்படி அவன் பதினொரு வயதைத் தாண்டியவன். பத்து வயதுக்கு மேல் கட்டணம் வேறு என்பது நினைவுக்கு வந்தது. பேருந்தில் அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொன்ன பெற்றோரிடம் வளர்ந்தவள் என்பதால், இதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாவது, குடும்பத்தில் ஆறு பேர் இருந்தார்கள். 1867 கணக்கெடுப்பில் இல்லாத, பத்து மாத ஆண் குழந்தை ஒன்று, ஒரு வயதுக்குக் குறைந்தவர் என்ற கட்டத்தில்.

குழந்தையை உறுதிசெய்ய ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போனேன். 1868 ஜூனில் அவன் பெயர் இருந்தது. ஞானப்பெற்றோரின் பெயர்களையே அவனுக்கும் வரிசையாக இட்டிருந்தார்கள். அந்தப் பதிவேட்டிலேயே பின்னோக்கிப் போனபோது, மூத்த மகனின் ஞானஸ்நானம் தாயின் கன்னிப் பெயரில் பதிவாகியிருப்பதையும், பெற்றோரின் திருமணம் அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து நடந்திருப்பதையும் பார்த்தேன். இதைப் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தயங்கினேன். ஆனால் அந்த ஊரின் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இதே கதைதான். மெக்லென்பர்க்கில் கூலியாட்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஓர் இடத்தில் குடியிருக்கும் உரிமையைக் காட்ட வேண்டும். அந்த உரிமையைக் கொடுப்பவர் பண்ணையின் உரிமையாளர். கொடுத்தால், பிற்காலத்தில் அந்தக் குடும்பம் வறுமையில் விழும்போது தாங்கும் பொறுப்பும் அவர் தலையில் விழும் என்பதால் அவர் கொடுக்கத் தயங்குவார். காத்திருந்து காத்திருந்து பிள்ளை பிறந்துவிடும். பண்ணையடிமை முறை 1820இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் நிலைமை இப்படி இருந்தது. 1868 மே மாதம் வட ஜெர்மன் கூட்டமைப்பு இத்தகைய திருமணத் தடைகளை நீக்கியது. சட்டம் மாறியது, நிலம் அதே கைகளில்தான் இருந்தது. அடுத்த வசந்தத்தில் இவர்கள் கிளம்பிவிட்டார்கள். 160 ஏக்கர் என்ற எண் இவர்கள் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை இந்தப் பின்னணி தெரிந்த பிறகுதான் என்னால் கற்பனை செய்ய முடிந்தது. பெரியப்பா கேட்டுவிட்டு, "அப்படியானால் அவர்கள் தவறு செய்யவில்லை" என்றார். எண்பத்து நான்கு வயதில் அவருக்கு அது முக்கியமாக இருந்தது.

நியூயார்க்கின் பட்டியலை இனி எளிதில் பிடிக்க முடிந்தது. லிவர்பூலிலிருந்து வந்து, மே மாதத் தொடக்கத்தில் காசில் கார்டனில் பயணிகளை இறக்கிய ஒரு நீராவிக் கப்பல். ஆங்கில எழுத்தரின் தெளிவான கையெழுத்து. குடும்பப் பெயர் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி. ஊர் இல்லை, ஜெர்மனி என்று மட்டும். பெயர்கள் ஐந்து.

பயணத்தில் இறந்தவர்களைக் கப்பல் தலைவர் பட்டியலில் குறிப்பிட வேண்டும். இந்தப் பட்டியலில் இரண்டு பேர் அப்படிக் குறிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் எங்கள் குழந்தை இல்லை. ஹாம்பர்க்கில் ஆறு, நியூயார்க்கில் ஐந்து, கடலில் இறந்தவர் கணக்கில் இல்லை என்றால், எஞ்சுவது இரண்டு கப்பல்களுக்கும் இடைப்பட்ட நாட்கள். இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு இறப்புப் பதிவு உண்டு; அதன் காலாண்டு அட்டவணைகள் பொதுவில் கிடைக்கின்றன. 1869 ஏப்ரல், மே, ஜூன் காலாண்டில், லிவர்பூல் மாவட்டத்தில், ஒரு வயதுக்கு உட்பட்டவர்களின் பெயர்களை வாசித்தேன். எங்கள் குடும்பப் பெயரை ஓர் ஆங்கிலேயர் எத்தனை விதமாக எழுதக்கூடும் என்று பதினான்கு வடிவங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். பதினொன்றாவது வடிவம் இருந்தது.

சான்றிதழை வரவழைத்தேன். பத்து மாத ஆண் குழந்தை, ஜெர்மனியைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகன், மூச்சுக்குழல் அழற்சி. தேதி, ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட ஒன்பதாம் நாள். தகவல் கொடுத்தவர் குடியேறிகள் தங்கும் விடுதியொன்றை நடத்திய பெண். சாவின்போது உடனிருந்தவர் என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகக் குறுக்குக்கோடு இட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அந்தக் குடும்பத்தின் கப்பல் புறப்பட்டது.

பெரியப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கடலில் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. லிவர்பூலின் அடக்கப் பதிவேடுகள் தேவாலயத்துக்குத் தேவாலயம் தனித்தனியாக இருக்கின்றன; விடுதி இருந்த தெருவை நடுவாக வைத்து, அதற்கு அருகிலிருந்தவற்றை ஒன்றொன்றாகப் பார்த்துவருகிறேன். இதுவரை மூன்று முடிந்திருக்கின்றன. பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்து, நான்காவது எந்தத் தேவாலயம் என்று கேட்கிறார்.